போத்தில் தேத்தண்ணி

யாராவது என்னிடம் வந்து "அறுபதுகள்தான் பொற்காலம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தை எனக்குப் பிடிக்காது என்றில்லை. எனக்குப் பிடித்த அளவுக்கு வேறு யாருக்கும் பிடித்திருக்காது. ஆனால் பொற்காலம் என்கிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். வானொலியில் பாட்டு, பெல்பொட்டம் காற்சட்டை, சைக்கிளில் போய்ப் பார்த்த இரண்டாம் ஆட்டப் படம், சண்டையில்லை, சோதனைச்சாவடியில்லை. எல்லாம் உண்மைதான். அந்தப் பாட்டை யார் கடைக்குள் வாங்குப் பலகையில் இருந்து கேட்டார்கள், யார் வேலியோரம் குந்தியிருந்து கேட்டார்கள் என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

போன மாதம் ஒப்பரேசனுக்கு முதல் என் கண்ணைக் காட்ட சாவகச்சேரி ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். கூட வந்தது கஜந்தினி. என் அண்ணை தம்பிராசாவின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அண்ணை கண்மூடிய பிறகு என்னைப் பார்த்துக்கொள்வது அவள்தான். கண்ணுக்குள் மருந்து விட்டதில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அது தெளியும்வரை ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்றார்கள்.

"வாங்கோ மாமி, சந்தைக்குப் பின்னாலை புதுசா ஒரு தேத்தண்ணிக்கடை திறந்திருக்கு. 'அறுபத்தெட்டு' எண்டு பேர். உங்கடை காலத்தை அப்பிடியே கொண்டந்து வச்சிருக்கிறாங்களாம்," என்றாள்.

என் காலத்தை யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்களா, போய்த்தான் பார்ப்போம் என்று நானும் கிளம்பினேன்.

உள்ளே நல்ல கூட்டம், எல்லாம் இளசுகள். கூரையில் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூலையில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. பாட்டு வேறு எங்கிருந்தோ வந்தது. பரிமாறுகிற பெண்கள் பெரிய கொலர் வைத்த பூப்போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். காசு மேசைக்கு மேலே ஒரு பெரியவரின் படம், சந்தனமாலை, சின்ன மின்விளக்கு. என் கண்ணுக்கு அந்தப் படம் தெளிவாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

வாங்கில் இருந்தோம். கஜந்தினி எதையோ சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் இரண்டு போத்தில்களைக் கொண்டுவந்து வைத்தாள். பச்சை நிறச் சோடாப் போத்தில். அதற்குள் பால் தேநீர், ஆவி பறந்தது. கழுத்தில் ஒரு துண்டுத் தும்புக்கயிறு, வளையம் போட்டுக் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"உதுதான் இஞ்சத்தை ஸ்பெசல், போத்தில் தேத்தண்ணி. வெளிநாட்டாக்கள் எல்லாம் உதுக்கெண்டே வருகினமாம். கொஞ்சம் பொறுங்கோ, ஒரு படம் எடுப்பம்." போத்திலைக் கன்னத்தோடு வைத்துச் சிரித்துக்கொண்டு, கைபேசியை உயர்த்தித் தன்னைத்தானே படம் பிடித்தாள். "பின்னாலை சுவரிலை இருக்கிற பெரிய படமும் விழுந்திட்டுது. மாமி, உந்த நடுவிலை இருக்கிற பொடியனைப் பாருங்கோவன், அப்பிடியே எங்கடை சின்னவன்ரை முகம்."

சின்னவன் என்றது அவளுடைய இளைய மகனை. நான் எழுந்து சுவருக்குக் கிட்டப் போனேன்.

ஆளுயரத்துக்குப் பெருப்பித்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தேநீர்க்கடை வாசல், பனையோலை வேலி. வேலியோரம் நிலத்தில் மூன்று இளைஞர்கள் குந்தியிருக்கிறார்கள். மூன்று பேர் கையிலும் போத்தில், அதே கயிறு. நடுவில் இருப்பவன் யாரையோ பார்த்துப் பாதிச் சிரிப்பு சிரிக்கிறான். இடது காலைக் குத்துக்காலிட்டு வலது முழங்காலை நிலத்தில் ஊன்றிக் குந்தியிருக்கிறான். அப்படிக் குந்துகிற ஒரே ஆள் என் அண்ணை. படத்துக்குக் கீழே வடிவான எழுத்தில் எழுதியிருந்தது: "கவலையில்லாத காலம்."

எனக்குக் கண் தெளிந்துவிட்டது. காசு மேசைக்கு மேலே இருந்த பெரியவர் யாரென்றும் இப்போது தெரிந்தது.

"கஜந்தினி, அந்தப் போத்திலைக் கீழை வை."

"ஏன் மாமி, ஆறிப் போச்சோ?"

"கீழை வையடி!"

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். உள்ளேயிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் ஓடிவந்தான். அவன்தான் முதலாளி, பெயர் ஜெயரூபன். கனடாவில் வளர்ந்தவன் என்றாலும் தமிழ் நன்றாகத்தான் வந்தது.

"என்ன அன்ரி, தேத்தண்ணி சரியில்லையோ?"

"இந்தப் படம் எங்காலை எடுத்தனீர்?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அறுபத்தெட்டில் இந்தப் பக்கம் சுற்றித் திரிந்த ஒரு வெள்ளைக்காரர் எடுத்த படமாம். இப்போது வயது போய்த் தன் படங்களையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறாராம். அதில் தன் அப்பப்பாவின் கடையைக் கண்டதும் இவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். அந்தப் படத்தால்தான் கடையே உண்டானது என்றான். "பாருங்கோ அன்ரி, அதே போத்தில், அதே கயிறு. படத்தைப் பெருப்பிச்சுப் பாத்து அப்பிடியே செய்விச்சனான். என்ன ஸ்டைலா இருந்திருக்கிறாங்கள்!"

அந்த வெள்ளைக்காரனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தலைமயிரைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, செருப்பில்லாமல், கழுத்தில் கமராவோடு திரிந்தான். எங்கள் ஒழுங்கையில் எல்லாவற்றையும் பார்த்து "பியூட்டிஃபுல்" என்றுகொண்டு போனான். அவன் பாவம், பாஷை தெரியாதவன். இந்த ஜெயரூபனுக்குத் தெரியாமல் போனதுக்கு என்ன சாட்டு?

"தம்பி, நடுவிலை இருக்கிறது என்ரை அண்ணை. தம்பிராசா."

"உண்மையாவோ!" என் கையையே பிடித்துவிட்டான். "அன்ரி, அவற்றை பேரையே இதுக்கு வைப்பம். தம்பிராசா போத்தில் தேத்தண்ணி! அப்பா, இஞ்சை வாங்கோ, இவ ஆரெண்டு பாருங்கோ!"

மூலையில், மின்விசிறிக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் ஒரு கிழவர் இருந்தார். அவ்வளவு நேரமும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குகதாசன், மாலை போட்ட பெரியவரின் மகன், ஜெயரூபனின் தகப்பன். அந்த நாளில் கடையில் தேநீர் ஆற்றியவர். அவர் எழுந்து வரவில்லை. நான்தான் போனேன்.

"தெரியுதோ?"

"அருந்ததி எல்லோ," என்றார். "நேர்ஸ் வேலை பாத்தனீர் எண்டு கேள்விப்பட்டனான். நல்லது. பழசுகளை விடும். இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?"

மகன் என்னை "நீங்கள்" என்கிறான். தகப்பன் "நீர்" என்கிறார். அந்த நாளில் எங்கள் அம்மாவுக்கே "நீ"தான். ஐம்பது அறுபது வருசத்தில் இந்த மட்டுக்காவது ஏறியிருக்கிறார், மெத்தப் பெரிய காரியம்!

"விடச் சொல்லுறியள். பிறகேன் சுவரிலை மாட்டி வச்சிருக்கிறியள்?"

"அது பொடியன்ரை ஆசை."

"பொடியனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமெல்லோ?"

அவர் பக்கத்தில் இருந்த சின்ன மேசையைப் பார்த்தார். ஜெயரூபன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். "என்ன அன்ரி தெரியாது எனக்கு?"

சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை, பாட்டுக்கு மேலால் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

உம்முடைய அப்பப்பாவின் கடையில் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது தம்பி, வரிசையாக அடுக்கியிருந்தது. எங்கள் சாதிக்கு அதில் தேநீர் இல்லை. எங்களுக்குப் போத்தில். அது கடைக்குள் இராது, வெளியே வேலியில் ஆணி அடித்துத் தொங்கும். தொங்கவிடத்தான் இந்தக் கயிறு. நாங்களே எடுத்து, நாங்களே கழுவி, நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவார். கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் மண்ணில் போகும். குந்தியிருந்து குடித்துவிட்டு, திரும்பவும் கழுவி, திரும்பவும் கொழுவிவிட்டுப் போக வேண்டும். இதுதான் உங்கள் ஸ்பெசல். மண்ணில் சிந்தினதையும் சேர்த்துத்தான் அன்றைக்குக் காசு வாங்கினார்கள்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

நிறுத்தியதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஏனென்றால் அறுபத்தெட்டு என்றால் எனக்குப் போத்தில் ஞாபகம் வருவதில்லை. போத்தில் அதற்கு முன்னாலும் இருந்தது, என் பாட்டன் காலத்திலும் இருந்தது. அறுபத்தெட்டில் நடந்தது வேறு. வலிகாமத்திலிருந்து கம்யூனிஸ்ட் தோழர்மார் சைக்கிளில் வந்தார்கள். எங்கள் குச்சொழுங்கையில் ஒரு கொட்டில் போட்டு வாசிகசாலை வைத்தார்கள். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நாடகம் போட்டார்கள். வியட்நாமில் என்ன நடக்கிறது என்று எங்கள் கிணற்றடியில் நின்று சண்டை பிடித்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் எல்லோருக்கும் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "வியட்நாம் பொடியளுக்கு நல்லா நடக்கட்டும்" என்பாள். எனக்கு அப்போது பதினைந்து வயது. என்னையும் கூட்டத்தில் ஏற்றிப் பேச வைத்தார்கள். பயம் என்பது உடம்பைவிட்டுப் போவதை நான் அந்த வருசம்தான் அறிந்தேன். அந்த ஒரு வருசத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கண் ஒப்பரேசனை விட்டுவிட்டு ஓடிப்போவேன். அந்தக் காலத்தைத்தான் இவர்கள் பெயர்ப்பலகையில் எழுதிப்போட்டு, உள்ளே போத்திலில் ஊற்றி விற்கிறார்கள்.

"ஒரு நாள் அண்ணையும் தோழர்மாரும் உங்கடை அப்பப்பாவின்ரை கடைக்குள்ளை வந்து வாங்கிலை இருந்தவை," என்றேன் ஜெயரூபனிடம். "கிளாசிலை தேத்தண்ணி தாங்கோ எண்டு கேட்டவை. அவ்வளவுதான் கேட்டது. எழும்பச் சொன்னார் பெரியவர். எழும்பேல்லை."

"பிறகு?"

"பிறகு நடந்ததை உங்கடை அப்பாவைக் கேளும்."

அவன் தகப்பனைக் கேட்கவில்லை. நேரே சுவருக்குப் போய்ப் படத்தின் சட்டத்தில் கை வைத்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. இப்பவே கழட்டிவிடுறன்."

"கழட்டாதையும்!" என்றேன். "கழட்டினால் உங்களுக்குச் சுகம், ஒண்டும் நடக்காத மாதிரி. அண்ணை அங்கையே இருக்கட்டும். கீழை எழுதியிருக்கிற பொய்யை எடும். அதுக்கு முதல் எனக்கொரு தேத்தண்ணி தாரும். கிளாசிலை. வரும்வரைக்கும் நான் இந்த வாங்கை விட்டு எழும்பமாட்டன்."

போய் இருந்துகொண்டேன். கஜந்தினி பக்கத்தில் வந்து இருந்தாள். அவள் கைபேசி வெளிச்சத்தோடு மேசையில் கிடந்தது. அதில் அவள் போத்திலோடு சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் அவளுடைய தகப்பன்.

ஜெயரூபன் உள்ளே போய் வந்தான். வெட்கத்தோடு நின்றான். "அன்ரி, கடையிலை கிளாஸ் ஒண்டும் இல்லை. எல்லாம் போத்தில்தான்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகத் தகப்பனின் பக்கம் திரும்பினான். "அப்பாவின்ரை பேணி இருக்கு. கழுவிப்போட்டு அதிலை தாறன்."

அப்போதுதான் நான் அந்தச் சின்ன மேசையைப் பார்த்தேன். எவர்சில்வர் பேணி, பெயர் வெட்டியது, அதில் பாதித் தேநீர். கடை முழுக்கப் போத்திலில் குடிக்கிறது. கடைக்காரனின் தகப்பன் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பேணியில் குடிக்கிறார். மறந்துபோனவர் அப்படிச் செய்வாரா? ஒன்றையும் மறக்கவில்லை கிழவர். அந்தப் போத்தில் யாருக்கானது என்று அவர் வாய்க்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மகன் எடுக்கக் கை நீட்டினான். குகதாசன் தன் உள்ளங்கையால் பேணியின் வாயை மூடினார்.

"அது என்ரை," என்றார்.

மகன் கையை இழுத்துக்கொண்டான். தகப்பனின் கையைப் பார்த்தான், மேசைகளில் இருந்த போத்தில்களைப் பார்த்தான். "இதாலையோ அப்பா நீங்கள் ஒரு நாளும் போத்திலிலை குடிக்கேல்லை?" என்று கேட்டான். "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"ஆசைப்பட்டுச் செய்தாய். எதைச் சொல்லுறது?"

ஜெயரூபன் தெருவுக்கு இறங்கிப் போனான். எதிரே பாத்திரக்கடை இருந்தது.

அவன் போன பிறகு கஜந்தினி எழுந்தாள். கிழவருக்கு முன்னால் போய் நின்றாள். வகுப்பில் நிற்பதுபோல நேராக நின்றாள்.

"ஐயா, நான் தம்பிராசாவின்ரை மகள். என்ரை அப்பாவுக்கு வலது கை முழங்கையிலையிருந்து மணிக்கட்டு மட்டும் தோல் சுருங்கிக் கிடந்தது. சின்னவிரல் நிமிராது. பொங்கல் பானை கவிண்டு சுட்டதெண்டு எங்களுக்குச் சொன்னவர். பானை கவிண்டதோ?"

அண்ணை அப்படித்தான் சொல்லியிருந்தார். பிள்ளை எங்கேயும் போய்த் தலைகுனியக்கூடாது, அவளுக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம் என்பது அவருடைய கட்டளை. அதுக்காக நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலைநிமிர்ந்து செய்த காரியத்தைப் பொங்கல் பானைக்குள் போட்டு மூடிவைக்க வேண்டி வந்ததே என்று எனக்கு அப்போதும் கோபம்தான், இப்போதும் கோபம்தான். கொதிதண்ணிக் கேத்தலைத் தூக்கியவன், இந்தச் சாய்மனைக் கதிரைக்காரன்தான், ஒன்றையும் மறைக்கத் தேவையில்லாமல் ஊருக்குள் நடமாடினான். வெந்தவன் மறைத்தான்.

கேத்தல் முகத்துக்குத்தான் வந்தது. அண்ணை கையைக் குறுக்கே பிடித்தார். வெந்த கையோடும் வாங்கில் இருந்து எழும்பவில்லை, தோழர்மார்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கைக்கு மருந்து கட்டிக் கட்டித்தான் எனக்குத் தாதி வேலையில் எண்ணம் பிடித்தது. ஆறுவதற்கு முன்னமே திரும்பவும் போனார், இன்னும் பெரிய கூட்டத்தோடு. நாளுக்கு நாள் போனார்கள். ஒரு நாள் கிளாசில் வந்தது. அவர்கள் குடித்த கிளாசையெல்லாம் அன்று பொழுதுபட உடைத்தார் பெரியவர். மற்ற நாளும் போனார்கள், மற்ற நாளும் உடைத்தார். கடைசியில் கிளாஸ் வாங்கிக் கட்டுப்படியாகாமல் உடைப்பதை விட்டார். முதன்முதல் குடித்த அன்றைக்கு அண்ணை வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னார், "அம்மா, கிளாசிலை குடிச்சனான்." அம்மா அழுதுகொண்டே கேட்டாள், "எப்பிடியடா இருந்தது?" "தேத்தண்ணி படு மோசம் அம்மா," என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் என்னுடைய அறுபத்தெட்டு.

கஜந்தினி இன்னும் கிழவருக்கு முன்னால் நின்றாள். "சொல்லுங்கோ ஐயா. பானையோ?"

குகதாசன் தலையை உயர்த்தினார். கண்ணில் தண்ணீர் இருந்தது. எனக்குக்கூட ஒரு நிமிசம், மனுசன் இப்போது சொல்லிவிடுவார், இந்த வயதிலாவது சொல்லிவிடுவார் என்று தோன்றியது.

"தண்ணி அவ்வளவு கொதிக்கேல்லை, பிள்ளை," என்றார்.

என் வாழ்நாளில் பாதி எரிகாயங்களுக்குள் போனது. எந்தத் தண்ணீர் எவ்வளவு கொதித்தது என்று தோலைப் பார்த்தே சொல்வேன். அதைச் சொல்ல வாய் எடுத்தேன். வாசலில் ஜெயரூபன் நின்றான். நெஞ்சோடு அணைத்த பெட்டிக்குள் கிளாசுகள் கலகலத்தன. அவனுக்குக் கேட்டுவிட்டது.

உள்ளே போய்க் கிளாசுகளைக் கழுவினான். தானே தேநீர் ஆற்றினான். தானே இரண்டு கிளாஸ் கொண்டுவந்து எனக்கு முன்னாலும் கஜந்தினி இருந்த இடத்துக்கு முன்னாலும் வைத்தான். பிறகு தகப்பனிடம் போனான். கிழவரின் கையைப் பேணியிலிருந்து மெல்லத் தூக்கி மடியில் வைத்தான். பேணியில் இருந்த மீதித் தேநீரை ஒரு போத்திலுக்குள் ஊற்றினான். மேலே இருந்து ஊற்றினான். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் மேசையில் போனது. போத்திலை அவருக்கு முன்னால் வைத்தான்.

"குடியுங்கோ அப்பா."

கிழவர் போத்திலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. அவர் கை மடியை விட்டு எழும்பவில்லை.

கஜந்தினி வந்து என் பக்கத்தில் இருந்தாள். கிளாசைக் கையில் எடுத்தாள். சுவரில் இருந்த அண்ணையைப் பார்த்தபடி குடித்தாள். நானும் ஆறவிடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஜெயரூபன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான்.

"சரியோ அன்ரி?" என்றான்.

"படு மோசம்," என்றேன். "இன்னொரு கிளாஸ் ஊத்தும்."